ஹார்வர்டா, பிரின்ஸ்டனா, வாட்டர்லூவா: எந்தக் கணிதப் போட்டிக்குப் பேர் கொடுப்பது?

செப்டம்பர் பிறந்தால் போதும், இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். “பொண்ணு பத்தாவது. கணக்கு நல்லா போடுறா. ஹார்வர்ட்-எம்ஐடி போட்டிக்கு அனுப்பலாமா, பிரின்ஸ்டனுக்கா? ரெண்டுல எது பெரிசு?” அமெரிக்காவில் ஒரு பள்ளியின் கணித மன்றத்துக்குச் சில ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் உதவிவருகிறேன். அதனால் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த முறை கேட்ட நண்பருக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

எது பெரிசு என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். எச்.எம்.எம்.டி. என்று சுருக்கிச் சொல்லும் ஹார்வர்ட்-எம்ஐடி போட்டிதான். 1998இல் தொடங்கியது, அதன் பிப்ரவரிப் போட்டிக்கு வெளிநாடுகளிலிருந்தும் அணிகள் வருகின்றன. ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. நான் நண்பரிடம் திருப்பிக் கேட்டது வேறு: “ஒரு கணக்கு வரலைன்னா அவ என்ன செய்வா?”

அவருக்குப் புரியவில்லை. விளக்கினேன். சில பிள்ளைகள் வராத கணக்கைச் சட்டென்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து முடிப்பார்கள். சிலர் அதை விடவே மாட்டார்கள். மூன்று நாள் ஆனாலும் சாப்பிடும்போதும் தூங்கப் போகும்போதும் அதுவே ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் சிலர் உடனே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, பேசிப் பேசியே வழி கண்டுபிடிப்பார்கள். மூன்றும் நல்ல குணம்தான். ஆனால் ஒவ்வொரு போட்டியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைத்தான் அதிகமாகச் சோதிக்கிறது.

பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு உதவும்?

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் பெற்றோர் மனதில் உண்மையில் ஓடுவது இதுதான். போட்டிக்கு ஹார்வர்ட், எம்ஐடி என்று பேர் இருந்தாலும் அதை நடத்துவது அங்கே படிக்கும் மாணவர்கள். கணக்குகளை உருவாக்குவது, விடைத்தாள் திருத்துவது, அறை ஒதுக்குவது, காலையில் வழிகாட்டி அட்டையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பது எல்லாமே பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி, கார்னெகி மெலன் போட்டிகளும் அப்படித்தான். மாணவர் சேர்க்கை அலுவலகம் வேறு கட்டடத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். பிரின்ஸ்டன் போட்டியில் கலந்துகொண்டால் பிரின்ஸ்டனில் இடம் கிடைக்க வசதி என்று நினைத்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. பரிசு வாங்கினால் விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ளலாம். அது எந்தக் கல்லூரி விண்ணப்பத்திலும் எழுதக்கூடிய ஒரு வரி, அவ்வளவே.

இதற்கு ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் நடத்தும் யூக்ளிட் போட்டி. அதன் மதிப்பெண்ணை வாட்டர்லூவின் கணிதப் புலம் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் வெளிப்படையாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அங்கே கணிதமோ கணினி அறிவியலோ படிக்க எண்ணம் இருந்தால் மற்ற ஒப்பீடு எதுவும் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் யூக்ளிட் எழுதியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அதைப் பற்றி அப்புறம் விரிவாக வருகிறேன்.

ஒரே கணக்கு, நான்கு வேஷம்

போட்டிகளின் வித்தியாசத்தை வார்த்தையில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. “நிரூபணம் கேப்பாங்க, வேகம் வேணும்” என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வரிசை, பத்து நிரல் உள்ள கட்டப் பலகை. இரண்டு கட்டங்களை மூடும் டோமினோ ஓடுகள் நிறைய இருக்கின்றன. பலகையை இடைவெளி இல்லாமல் எத்தனை விதமாக நிரப்பலாம்?

கடைசி நிரலைப் பாருங்கள். அங்கே ஒரு ஓடு நின்றுகொண்டிருக்கும், அல்லது இரண்டு ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். நின்றால் மீதி ஒன்பது நிரல், படுத்தால் மீதி எட்டு. ஆக, ஒவ்வொரு நீளத்துக்கும் விடை அதற்கு முந்தைய இரண்டு விடைகளின் கூட்டல். 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89. பத்தாவது எண் 89. பழகிய பிள்ளைக்கு ஒரு நிமிடம். விடைத்தாளில் 89 என்று எழுதினால் போதும், எப்படி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இது முதல் வேஷம்: விடை மட்டும்.

இரண்டாவது வேஷத்தில் கேள்வி இப்படி மாறும்: பலகையின் நீளம் இரட்டைப்படை எண்ணாக இருந்தால், நிரப்பும் வழிகளின் எண்ணிக்கை எப்போதும் இரண்டு வர்க்க எண்களின் கூட்டலாக வரும் என்று நிறுவுக. 89 என்பது 64 கூட்டல் 25, அதாவது எட்டின் வர்க்கமும் ஐந்தின் வர்க்கமும். ஏன்? பலகையின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். கோட்டின் குறுக்கே ஓடு எதுவும் இல்லை என்றால் இடப்பக்கம் ஐந்து நிரல், வலப்பக்கம் ஐந்து நிரல், தனித்தனியே எட்டு எட்டு வழி, பெருக்கினால் 64. குறுக்கே ஓடு இருந்தால் மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் இரண்டு ஓடுகள் குறுக்கே கிடக்க வேண்டும். மிஞ்சுவது இரு பக்கமும் நான்கு நிரல். ஐந்தும் ஐந்தும் பெருக்கி 25. படம் போட்டால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் எழுதும்போதுதான் வினை. குறுக்கே ஒரே ஒரு ஓடு மட்டும் ஏன் இருக்க முடியாது? அப்படி இருந்தால் இடப்பக்கம் ஒன்பது கட்டம் மிஞ்சும். ஒன்பதை இரண்டிரண்டாக மூட முடியாது. அந்த ஒரு வரியை எழுதாத பிள்ளைக்கு மதிப்பெண் குறையும். விடை தெரிந்தும் மதிப்பெண் போவது இப்படித்தான். (உண்மையான போட்டிக் கணக்குகள் இதைவிடப் பல படி கடினம். வேஷத்தைக் காட்டவே இந்த உதாரணம்.)

மூன்றாவது வேஷம் ஒரு நீண்ட பயணம். இரண்டு வரிசையில் தொடங்கி, மூன்று வரிசைக்குப் போகச் சொல்வார்கள். மூன்று வரிசையும் ஒற்றைப்படை நீளமும் என்றால் ஏன் ஒரு வழிகூட இல்லை என்று காட்டு. நீளம் 2, 4, 6, 8 என்றால் விடை 3, 11, 41, 153 என்று வருவதைச் சரிபார். ஒவ்வொரு எண்ணும் முந்தையதன் நான்கு மடங்கில் அதற்கும் முந்தையதைக் கழித்தால் கிடைக்கிறது, ஏன்? அப்புறம் ஓட்டுக்கு நிறம் கொடு. அப்புறம் பலகையின் மூலையை வெட்டு. ஒவ்வொரு பகுதியும் முந்தைய பகுதியின் தோளில் ஏறி நிற்கும். இதற்குப் பவர் ரவுண்ட் என்று பேர்.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. எட்டுக்கு எட்டு சதுரங்கப் பலகையை டோமினோவால் எத்தனை விதமாக நிரப்பலாம் என்று கேட்டுவிட்டு, சரியான விடை வேண்டாம், கிட்டத்தட்டச் சொன்னால் போதும் என்பார்கள். எவ்வளவு நெருங்குகிறீர்களோ அவ்வளவு மதிப்பெண். பலகையை இரண்டு வரிசைப் பட்டைகளாக நான்காக வெட்டினால் ஒவ்வொன்றுக்கும் 34 வழி; நான்கு 34களைப் பெருக்கினால் 13,36,336. ஆனால் ஓடுகள் பட்டைகளைத் தாண்டியும் கிடக்கலாமே? அப்படியென்றால் விடை இதைவிட அதிகம். எவ்வளவு அதிகம் என்பதுதான் ஊகம். உண்மையான விடை 1,29,88,816. இதற்கான பொதுச் சூத்திரத்தை 1961இல் இயற்பியல் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள்: ஒருபக்கம் காஸ்டலைன், இன்னொரு பக்கம் டெம்பர்லியும் ஃபிஷரும். மணி ஓடிக்கொண்டிருக்க அதை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஊகிக்க வேண்டும்.

சரி, இனி போட்டிகளுக்கு வருவோம்.

எச்.எம்.எம்.டி.: நவம்பர் வேறு, பிப்ரவரி வேறு

பலருக்குத் தெரியாதது, இது ஆண்டுக்கு இரண்டு போட்டி. பிப்ரவரிதான் பழையது, கடினமானது. நவம்பர்ப் போட்டி பிற்பாடு வந்தது, ஏ.எம்.சி. என்ற அமெரிக்கப் பள்ளிக் கணிதத் தேர்வுகளில் ஓரளவு நன்றாகச் செய்யும் பிள்ளைகள் பயப்படாமல் உட்காரலாம்.

நவம்பரில் அணிக்கு ஆறு பேர் வரை. தனித்தேர்வு இரண்டு: பொதுச் சுற்று, கருப்பொருள் சுற்று. ஒவ்வொன்றிலும் 50 நிமிடத்தில் 10 கணக்கு, விடை மட்டும். பிறகு அணியாக உட்கார்ந்து பத்துக் கணக்கு, அதிலும் விடை மட்டும். பிப்ரவரியில் அணிக்கு எட்டுப் பேர் வரை. தனித்தேர்வு மூன்று: இயற்கணிதமும் எண்ணியலும் சேர்ந்து ஒன்று, வடிவியல் ஒன்று, காம்பினடோரிக்ஸ் (எத்தனை விதமாக என்று எண்ணும் கணிதம்) ஒன்று. அதே 50 நிமிடம், அதே 10 கணக்கு. ஆனால் கடைசி மூன்று நான்கு கணக்குகள் நாட்டின் மிகச் சிறந்த பிள்ளைகளையே வியர்க்க வைக்கும். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அணிச் சுற்றில்தான். பிப்ரவரியில் அது முழுக்க நிரூபணம், நான் மேலே சொன்ன இரண்டாவது வேஷம்.

இதில்தான் நான் ஒருமுறை சறுக்கினேன். எங்கள் அணியில் எட்டுப் பேரும் தனித்தேர்வில் கெட்டிக்காரர்கள். வாராவாரம் விடை மட்டும் எழுதும் கணக்குகளையே பழக்கினேன். அணிச் சுற்றில் எட்டுப் பேரில் ஐந்து பேர் ஒரே கணக்கில் விழுந்தார்கள், ஏனென்றால் அதுதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. இரண்டு கணக்குகளை யாரும் தொடவே இல்லை. தொட்ட கணக்குகளிலும் “இது தெளிவு” என்று எழுதிவிட்டுத் தாண்டியிருந்தார்கள். மதிப்பெண் வந்தபோது பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. குற்றம் அவர்களுடையது இல்லை. யார் எந்தக் கணக்கைப் பார்ப்பது, யார் சுத்தமாக எழுதுவது, எழுதியதை யார் படித்துக் குறை சொல்வது என்று நான் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிப்ரவரிக்குப் போவதென்றால் இரண்டு மாதமாவது நிரூபணம் எழுதும் பழக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேர் கொடுக்கிறேன்.

இரண்டு போட்டிக்கும் பொதுவானது கட்ஸ் ரவுண்ட். இதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம் என்று சொல்வேன். 80 நிமிடம், 36 கணக்கு. மொத்தமாகத் தர மாட்டார்கள். சில சில கணக்குகளாகக் கட்டுக்கட்டாகத் தருவார்கள். ஒரு கட்டுக்கு விடை எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த கட்டு. கொடுத்த பிறகு திரும்பிப் போக முடியாது. அணியில் ஒருவர் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு ஓடுவார், அடுத்த கட்டோடு ஓடி வருவார். எல்லா அணிகளின் மதிப்பெண்ணும் முன்னால் திரையில் ஏறிக்கொண்டே இருக்கும். போகப் போகக் கணக்கின் மதிப்பு கூடும், கடினமும் கூடும். கடைசிக் கட்டு முழுக்க ஊகக் கணக்கு. எங்கள் மன்றத்தில் வாயே திறக்காத ஒரு பையன், கட்ஸ் ரவுண்டில் “வராத கணக்கை விடு, கட்டைக் கொடுத்துட்டு வா” என்று கத்தியதை நான் பார்த்திருக்கிறேன். கணக்கு போடத் தெரிந்தால் மட்டும் போதாது, எதை விடுவது என்று ஆறு பேர் சேர்ந்து பத்து விநாடியில் முடிவு செய்யத் தெரிய வேண்டும்.

பிப்ரவரியில் முதல் ஐம்பது இடத்துக்குள் வந்தவர்களை அழைத்து எச்.எம்.ஐ.சி. என்று இன்னொரு தேர்வு வைக்கிறார்கள்: நான்கு மணி நேரம், ஐந்து நிரூபணக் கணக்கு. அந்த நிலையில் உள்ள பிள்ளைக்கு என் கட்டுரை தேவைப்படாது.

குறை என்று பார்த்தால் இரண்டு. ஒன்று, பிப்ரவரிக்கு விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. இரண்டாவது, நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட அங்கே பத்தில் இரண்டு, மூன்று விடையோடு வெளியே வரலாம். பள்ளியில் எப்போதும் முதலாவதாக வந்த பிள்ளைக்கு அது முதல் அடி. சிலரை அது தூண்டிவிடும். சிலர் ஒரு வருடம் கணக்குப் பக்கமே திரும்ப மாட்டார்கள். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பிரின்ஸ்டன்: ஒரு வாரம் கையில் கிடைக்கும் கணக்கு

பிரின்ஸ்டன் போட்டிக்குப் பிள்ளைகள் வைத்த செல்லப் பேர் பூமேக். ஆண்டின் பிற்பகுதியில் நடக்கும். இதில் ஏ, பி என்று இரண்டு பிரிவு இருப்பதே எனக்கு முதலில் பிடித்த விஷயம். அனுபவம் உள்ள அணிகள் ஏ. புதிதாக வருபவர்கள் பி. புதுப் பிள்ளைகள் புதுப் பிள்ளைகளோடு மோதுவார்கள்.

தனித்தேர்வில் இயற்கணிதம், வடிவியல், எண்ணியல், காம்பினடோரிக்ஸ் என்று நான்கு. அதில் இரண்டைத் தேர்ந்தெடுத்து எழுதினால் போதும். வடிவியல் என்றாலே ஓடும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி, எச்.எம்.எம்.டி. பிப்ரவரியில் தப்பிக்க வழியே இல்லை. நேரமும் கொஞ்சம் தாராளம்: ஒரு மணி நேரத்தில் எட்டுக் கணக்கு.

ஆனால் பூமேக்கின் உயிர் பவர் ரவுண்டில் இருக்கிறது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பே கேள்வித்தாளைக் கொடுத்துவிடுவார்கள். அணி மொத்தமும் சேர்ந்து, பள்ளியில் சொல்லித்தராத ஒரு தலைப்பை வரையறையிலிருந்து தொடங்கிப் படித்து, பக்கம் பக்கமாக நிரூபணம் எழுத வேண்டும். வேகம் இல்லாத, ஆனால் பிடித்தால் விடாத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. எங்கள் மன்றத்தில் தனித்தேர்வு மதிப்பெண்ணில் எப்போதும் கீழே இருந்த ஒரு பெண், அந்த வாரம் அணியையே தூக்கி நிறுத்தினாள். மற்றவர்கள் சிக்கிய பகுதியை இரவெல்லாம் யோசித்துக் காலையில் இரண்டு வழியோடு வந்தாள். விடை மட்டும் கேட்கும் போட்டிக்கே அவளை அனுப்பிக்கொண்டிருந்தால் இந்தத் திறமை யாருக்கும் தெரிந்திருக்காது, அவளுக்கும்தான்.

ஒரு தொந்தரவும் உண்டு. அந்த ஒரு வாரம் மற்ற வீட்டுப்பாடம் எல்லாம் படுத்துவிடும். அந்த வாரத்தில் பள்ளித் தேர்வு இருந்தால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேற்குக் கரையும் பிட்ஸ்பர்க்கும்

ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் நடத்தும் போட்டிகளைச் சேர்த்தே சொல்லிவிடலாம், அவ்வளவு ஒற்றுமை. பாடவாரியாகத் தேர்வு, அணிச் சுற்று என்று அதே அச்சு. இரண்டிலும் நான் குறித்துக்கொண்டவை, கால்குலஸுக்குத் தனித் தேர்வு இருப்பதும், பாடவாரித் தேர்வுக்குப் பதிலாக எழுத எளிதான பொதுத் தேர்வு ஒன்று இருப்பதும். ஒலிம்பியாட் உலகம் கால்குலஸைக் கண்டுகொள்வதே இல்லை. பதினோராம் வகுப்பிலேயே கால்குலஸ் முடித்துவிட்டு, ஆனால் போட்டிக் கணிதம் பழகாத பிள்ளை இங்கே கொஞ்சம் தலை நிமிரலாம். கலிபோர்னியாவில் இருப்பவர்கள் கிழக்கே பறப்பதைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

பிட்ஸ்பர்க்கில் இருக்கும் கார்னெகி மெலனின் போட்டி 2016இல் தொடங்கியது. பேரிலேயே கணிதத்தோடு இன்ஃபர்மேட்டிக்ஸும் சேர்ந்திருக்கிறது. கணினி நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு, அல்காரிதமாக யோசிக்கும் பிள்ளைகளுக்கு அது வீடு மாதிரி. மற்றவர்கள் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை.

வாட்டர்லூ: பயணம் இல்லாத போட்டி

இப்போது யூக்ளிட். இதை ஒரு திருவிழா மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். ஓட்டம் இல்லை, திரை இல்லை, அணி இல்லை. ஏப்ரலில் ஒரு நாள், சொந்தப் பள்ளியிலேயே ஓர் அறையில், ஆசிரியர் மேற்பார்வையில் இரண்டரை மணி நேரம். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். சில பகுதிகளுக்கு விடை எழுதினால் போதும். மற்றவற்றுக்கு முழுத் தீர்வும் வேண்டும், பாதி வழி வந்திருந்தால் பாதி மதிப்பெண்ணாவது கிடைக்கும். சில கட்டுப்பாடுகளோடு கால்குலேட்டர்கூட அனுமதி உண்டு, எச்.எம்.எம்.டி.யிலோ பூமேக்கிலோ அதைப் பைக்குள் வைத்துவிட வேண்டியதுதான்.

முதல் சில கேள்விகள் பள்ளிப் பாடத்தை ஒழுங்காகப் படித்த எந்தப் பிள்ளைக்கும் வரும். ஏழாவது, எட்டாவதில் மேடு தொடங்கும். பத்தாவது கேள்வி உண்மையிலேயே கடினம். இந்தச் சாய்வுதான் இதன் சிறப்பு: யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை, யாரும் அலட்சியமாக நூறு வாங்குவதும் இல்லை. எழுத்து நேர்த்திக்கு மதிப்பு இருப்பதால், பிற்பாடு கல்லூரியில் கணிதம் படிக்கப் போகிறவர்களுக்கு இது நேரடிப் பயிற்சி.

யூக்ளிட் கடைசி வகுப்புக்கானது என்பதால், அதற்கு முன் பழக அதே பல்கலைக்கழகம் நவம்பரில் நடத்தும் கனடா முதுநிலை (பள்ளி சீனியர்) கணிதப் போட்டி இருக்கிறது. இரண்டு மணி நேரம், 60 மதிப்பெண். முதல் பாகத்தில் ஆறு சிறு கேள்வி, இரண்டாம் பாகத்தில் மூன்று பெரிய கேள்வி. இன்னும் சின்ன வகுப்பென்றால் ஒன்பதுக்குப் பாஸ்கல், பத்துக்குக் கெய்லி, பதினொன்றுக்கு ஃபெர்மா என்று ஒரு மணி நேரத் தேர்வுகள் உண்டு. கனடாவுக்கு வெளியே உள்ள பள்ளிகளும் எழுதலாம். பள்ளி பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

என் கணிப்பில் நம் பெற்றோர் மிகக் குறைவாக மதிப்பிடும் போட்டி இதுதான். பேரில் கவர்ச்சி இல்லை, போட்டோ எடுக்கப் பழைய கட்டடம் இல்லை. ஆனால் பள்ளியில் கணித மன்றமே இல்லாத பிள்ளைக்கு, அணி சேராத பிள்ளைக்கு, பெற்றோரால் ஊர் ஊராக அழைத்துப் போக முடியாத பிள்ளைக்கு இது வீட்டுக்குப் பக்கத்திலேயே வருகிறது.

ஏ.எம்.சி.யை விட்டுவிடலாமா?

“இதெல்லாம் எழுதினா ஏ.எம்.சி. வேண்டாமா?” என்று அடுத்த கேள்வி வரும். வேண்டும். சர்வதேச ஒலிம்பியாட் வரை போகும் ஏணி அதில்தான் தொடங்குகிறது: 75 நிமிடத்தில் 25 கேள்வி, அதில் தேறினால் மூன்று மணி நேரத்தில் 15 கணக்கு கேட்கும் எய்ம், அதையும் தாண்டினால் நிரூபணம் கேட்கும் தேசிய ஒலிம்பியாட். பல்கலைக்கழகப் போட்டிகள் எதுவும் அந்த ஏணியில் ஒரு படி இல்லை. எச்.எம்.எம்.டி.யில் முதலாவதாக வந்தாலும் ஏ.எம்.சி. எழுதாமல் நாட்டு அணிக்குப் போக முடியாது. தொல்லை என்னவென்றால் ஏ.எம்.சி., எச்.எம்.எம்.டி. நவம்பர், வாட்டர்லூவின் முதுநிலைப் போட்டி எல்லாம் ஒரே மாதத்தில் வந்து விழும். மூன்றுக்கும் பேர் கொடுத்து மூன்றிலும் அரைகுறையாக உட்கார்ந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஏ.எம்.சி.யோடு இன்னொன்று, அதற்கு மேல் வேண்டாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டிக் கட்டணம் பெரிய விஷயமே இல்லை. விமானம், விடுதி, பிள்ளைகளோடு கூடப் போக வேண்டிய பெரியவர், வெள்ளிக்கிழமை விடுப்பு, இவைதான் செலவு. ஒரு பிள்ளைக்காக மட்டும் பறப்பதைவிட ஆறு பேரை ஒரு வேனில் ஏற்றிப் பக்கத்துப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போவது எனக்கு எப்போதும் லாபமாகவே பட்டிருக்கிறது. வீட்டிலிருந்தே பழக வேண்டுமென்றால் எச்.எம்.எம்.டி.யும் வாட்டர்லூவும் பழைய கேள்வித்தாள்களைத் தீர்வோடு இலவசமாகப் போட்டிருக்கின்றன. அணிக்கு ஆறு பேர் வரை இணையத்திலேயே கலந்துகொள்ளும் பர்ப்பிள் காமெட் என்ற இலவசப் போட்டி 2003 முதல் நடக்கிறது. அணியாக வேலை செய்ய வருமா என்று பார்க்க நல்ல ஒத்திகை. ஒரு மாதம் எடுத்துக்கொண்டு நிரூபணம் எழுதி அனுப்பும் யூ.எஸ்.ஏ.எம்.டி.எஸ். அமெரிக்க மாணவர்களுக்கு இருக்கிறது. பிடித்தால் விடாத ரகத்துக்கு அதை முதலில் சொல்வேன்.

ஆக, என் தேர்வு இப்படி. சட்டென்று விட்டுத் தாவுகிற பிள்ளைக்கு எச்.எம்.எம்.டி. நவம்பர், அதில் நன்றாக வந்து, நிரூபணமும் பழகியிருந்தால் மட்டும் அடுத்த ஆண்டு பிப்ரவரி. பேசிப் பேசிக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கும் நவம்பர்தான், கட்ஸ் ரவுண்டுக்காக. விடாமல் பிடித்துத் தொங்குகிற பிள்ளைக்கு அணி கிடைத்தால் பூமேக் பி பிரிவு, கிடைக்காவிட்டால் வாட்டர்லூ. எதற்கும் ஆண்டுக்கு ஆண்டு சுற்றுகளின் நேரமும் கணக்குகளின் எண்ணிக்கையும் மாறும் என்பதால், பேர் கொடுக்கும் முன் அந்த ஆண்டின் விதிமுறையை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். முடிவு செய்ய இன்னும் தயக்கமாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பழைய நவம்பர்ப் பொதுச் சுற்றை 50 நிமிடம் வைத்து எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு ஒரு பழைய முதுநிலைப் போட்டித்தாளை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டாம். எந்தத் தாளை முடித்த பிறகும் பிள்ளை மேசையை விட்டு எழுந்திருக்காமல் இருக்கிறதோ, அந்தத் தாளின் பக்கம் போங்கள்.

நண்பரின் மகளிடம் நான் எதையும் பரிந்துரைக்கவில்லை. டோமினோ கணக்கை மட்டும் அப்பாவின் போன் வழியாகச் சொல்லிவைத்தேன். மூன்றாம் நாள் இரவு பதினோரு மணிக்கு ஒரு படம் வந்தது. நோட்டு முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். “அங்கிள், மூணு வரிசை வந்துடுச்சு. நாலு வரிசை, நாலு நிரலுக்கு 36 வருது, கரெக்டா? அஞ்சு வரிசை எப்படிப் போறதுன்னு தெரியல, சொல்லாதீங்க.” 36 சரிதான் என்று மட்டும் பதில் போட்டேன். அவள் பள்ளியில் கணித மன்றம் கிடையாது. நவம்பரில் வாட்டர்லூ முதுநிலைப் போட்டிக்குப் பதிவு செய்யச் சொல்லி ஆசிரியரிடம் அவளே கேட்டுவிட்டாளாம். அவள் அப்பா ஹார்வர்ட்-எம்ஐடி போட்டிக்காகப் போட்ட பாஸ்டன் விடுதிப் பதிவை இன்னும் ரத்து செய்யவில்லை.